சூரியன் எழாத ஊரில் நம் மக்கள்

(குடிபெயர்ந்தோர் ஞாயிறை ஒட்டி வானொலியில் ஒலிபரப்பான மறையுரை. நேயர்கள் பலர் கேட்டுக்கொண்டபடி நம் பங்கு மடலில் அச்சிடப்படுகிறது.)



சில வாரங்களுக்கு முன் ஒரு மாலை, செபமாலை முடிந்த பிறகு, ஒரு தாய் பங்கு இல்லத்துக்கு வந்தார். அவருடைய மகள் நர்சிங் படித்தவள். ஓராண்டாகத் திருச்சியில் தங்கி ஜெர்மன் மொழி கற்று, தேர்வும் எழுதி முடித்துவிட்டாள். வட ஜெர்மனியில் கடற்கரையோரம் ஒரு சிறிய ஊரில் உள்ள மருத்துவமனை அவளை வேலைக்கு எடுத்திருக்கிறது. ஊரின் பெயர் அந்தத் தாயின் வாயில் நுழையவில்லை. கையிலிருந்த தாளை நீட்டினார். பிறகு கேட்டார்: "சாமி, அந்த ஊர்ல ரொம்பக் குளிராம். நம்ம ஆளுங்க ஒருத்தரும் இல்லையாம். கோயில் இருக்குமா சாமி? சோறு கிடைக்குமா? ஒரு காய்ச்சல் தலைவலின்னா யாரு பாப்பா?"

அவருக்கு உடனே பதில் சொல்ல எனக்குத் தெரியவில்லை. "செபிப்போம் அம்மா" என்று சொல்லி அனுப்பிவிட்டேன். ஆனால் அந்தக் கேள்வி என்னை விடவில்லை. இந்தக் கேள்வியை நமக்கு முன்பே வேறு தமிழ்த் தாய்மார்கள் கேட்டிருக்கிறார்கள். ஜெர்மனிக்கும் வடக்கே, உலகப் படத்தின் மேல் விளிம்பில் இருக்கும் ஊர்களுக்குத் தங்கள் பிள்ளைகளை அனுப்பிய ஈழத்துத் தாய்மார்கள் அவர்கள். அந்த வரலாற்றை இன்று உங்களோடு பகிர்ந்துகொள்கிறேன்.

நார்வே நாட்டை ஈழத்து உறவுகள் நோர்வே என்பார்கள். அதன் வட கோடியில் ஃபின்மார்க் என்ற பகுதி இருக்கிறது. அங்கே ஹாம்மர்ஃபெஸ்ட், வார்டோ, போட்ஸ்ஃபியூர் போன்ற மீன்பிடி ஊர்கள் உள்ளன. நம் மணப்பாறை நகரில் நாற்பதாயிரம் பேர் வாழ்கிறோம். ஹாம்மர்ஃபெஸ்ட் நகரில் பத்தாயிரம் பேர்கூட இல்லை. மற்ற இரண்டும் ஏறக்குறைய இரண்டாயிரம் பேர் வாழும் சிற்றூர்கள். தலைநகர் ஓஸ்லோவிலிருந்து ஹாம்மர்ஃபெஸ்ட் போக, சாலை வழியே 1,800 கிலோமீட்டருக்கு மேல் ஆகும்.

அங்கே நவம்பர் மாதக் கடைசியில் மறையும் சூரியன் சனவரி 20 தேதிவாக்கில்தான் திரும்பத் தலைகாட்டும். இடையில் நண்பகலில் சிறிது நேரம் நீலமாக ஒரு வெளிச்சம் வரும், அவ்வளவுதான். கோடையில் மே மாத நடுவிலிருந்து சூலை மாதக் கடைசிவரை சூரியன் மறைவதே இல்லை. இருட்டு அவ்வளவு நீளமான ஹாம்மர்ஃபெஸ்ட், 1891-ஆம் ஆண்டிலேயே தன் தெருக்களுக்கு மின்விளக்கு போட்டுக்கொண்டது. அட்லாண்டிக் கடலில் தெற்கிலிருந்து வரும் வெதுவெதுப்பான நீரோட்டம் அந்தத் துறைமுகங்களை உறையாமல் காக்கிறது. ஆகவே அங்கே குளிரைவிடக் காற்றுதான் கொடியது என்பார்கள். வார்டோ பக்கம் அந்தக் காற்றைத் தடுக்க மரங்கூடக் கிடையாது.

இப்படிப்பட்ட இடத்துக்கு யாழ்ப்பாணத்துப் பிள்ளைகள் எப்படிப் போய்ச் சேர்ந்தார்கள்?

வழியைத் திறந்தவர் அந்தோனி இராசேந்திரம். யாழ்ப்பாண நகரின் கடலோரம் குருநகர் என்ற பகுதி இருக்கிறது. புனித யாகப்பர் ஆலயத்தைச் சுற்றி வளர்ந்த மீனவக் கத்தோலிக்கர்களின் இடம் அது. அந்தக் குருநகரைச் சேர்ந்த இராசேந்திரம் 1956-ஆம் ஆண்டில் நார்வே போய்ச் சேர்ந்தார். அந்நாட்டுக்கு முதலில் குடிபெயர்ந்த தமிழர் என்று அவரைச் சொல்கிறார்கள். மீன்பிடித் தொழிலின் புதிய முறைகளை அங்கே கற்றார். அந்த நாட்டுப் பெண்ணையே மணந்தார். ஆனால் தன் ஊரை மறக்கவில்லை. நார்வே மக்களிடம் உதவி திரட்டி, 1967-இல் சீ-நோர் என்ற நிறுவனத்தைத் தொடங்கினார். சிலோன், நோர்வே என்ற இரண்டு பெயர்களின் முதல் எழுத்துகள் சேர்ந்தது அந்தப் பெயர். காரைநகரில் படகு கட்டும் தளமும், குருநகரில் வலை பின்னும் தொழிற்சாலையும் அதனால் வந்தன. வெளிநாடு போன ஒரு மகன் தன் வீட்டுக்கு மட்டும் மாடி கட்டாமல், ஊருக்கே வலையும் படகும் கொடுத்த கதை இது.

இராசேந்திரம் காட்டிய வழியில் சொந்தக்காரர்களும் நண்பர்களும் சிலர் போனார்கள். 1975-இல் நார்வே அரசு வெளிநாட்டுத் தொழிலாளர் வருவதை நிறுத்திச் சட்டம் போட்டது. அதன் பிறகு கல்வி வழியாக ஒரு சிறு கதவு மட்டும் திறந்திருந்தது. அந்த நாட்டில் மக்கள் உயர்நிலைப் பள்ளி என்று ஒரு வகை உறைவிடப் பள்ளி உண்டு. தேர்வு கிடையாது, மதிப்பெண் கிடையாது. ஓராண்டு சேர்ந்து தங்கி, சேர்ந்து சமைத்து, சேர்ந்து கற்பார்கள். யாழ்ப்பாணத்து இளைஞர்கள் அந்தப் பள்ளிகளில் இடம் வாங்கி மாணவர்களாகப் போனார்கள். 1983 சூலைக் கலவரத்துக்குப் பின் நிலைமை மாறியது. படிக்கப் போனவர்களால் திரும்பி வர முடியவில்லை. புதிதாகப் போனவர்கள் அடைக்கலம் கேட்டுப் போனார்கள். அதே ஆண்டுகளில் நம் இராமேசுவரம் கரையில் படகுகளில் வந்து இறங்கியவர்களை நாம் அறிவோம். திருச்சி கொட்டப்பட்டிலும் வாழவந்தான்கோட்டையிலும் முகாம்களில் இன்றும் வாழ்கிறவர்களை நாம் அறிவோம். ஒரே தீயிலிருந்து தப்பியவர்களில் சிலர் நம் ஊருக்கு வந்தார்கள், சிலர் துருவக் கரைக்குப் போனார்கள்.

அந்தக் காலத்தில் ஃபின்மார்க் ஊர்களுக்கு ஒரு கவலை இருந்தது. அங்கே காட் என்னும் மீன்தான் வாழ்வாதாரம். படகுகள் கொண்டுவரும் மீனைத் தலை வெட்டி, முள் நீக்கி, சதையைத் துண்டாக்கி, உறைய வைத்து அனுப்பும் தொழிற்சாலைகள் ஊருக்கு ஊர் இருந்தன. ஆனால் உள்ளூர் இளைஞர்கள் மேற்படிப்புக்கும் நல்ல வேலைக்கும் தெற்கே போய்க்கொண்டிருந்தார்கள். வேலைக்கு ஆள் இல்லை. முன்பு பக்கத்து நாடான பின்லாந்திலிருந்து பெண்கள் வந்து வேலை செய்தார்கள். பிறகு அதுவும் குறைந்தது. அந்த இடத்தைத்தான் 1980-களின் பிற்பகுதியில் தமிழர்கள் நிரப்பினார்கள்.

வேலை எப்படி இருந்திருக்கும் என்று எண்ணிப் பாருங்கள். காலில் ரப்பர் பூட்ஸ், கையில் உறை. கூடம் முழுவதும் ஈரம், சில்லென்ற தண்ணீர். அடியில் விளக்கு எரியும் கண்ணாடி மேசை. அதன்மேல் மீன் துண்டை வைத்தால் உள்ளே இருக்கும் முள்ளும் புழுவும் நிழலாகத் தெரியும். கத்தி முனையால் எடுத்துவிட்டு அடுத்த துண்டு. மீண்டும் அடுத்தது. எட்டு மணி நேரம் இப்படி. வெளியே வந்தால் பகலா இரவா என்று தெரியாது. அறைக்குத் திரும்பினால் குளித்தாலும் போகாத மீன் வாடை.

இவர்களில் பலர் உயர்தரம் படித்தவர்கள். எழுத்து வேலைக்கோ ஆசிரியர் வேலைக்கோ போயிருக்க வேண்டியவர்கள். இன்னொன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். யாழ்ப்பாணத்தில் மீன் தொழிலைச் சாதியின் பெயரால் தாழ்வாகப் பார்த்த குடும்பங்களின் பிள்ளைகளும் அவர்களில் இருந்தார்கள். ஊரில் எந்த வேலையைத் தொடமாட்டோம் என்றார்களோ, அந்த வேலைதான் அங்கே அவர்களுக்குச் சோறு போட்டது. தம்பியின் பயணக் கடனையும் தங்கையின் திருமணச் செலவையும் அடைத்தது. உழைப்பில் தீட்டு இல்லை என்று நாம் எத்தனையோ மறையுரைகளில் சொல்லியிருக்கிறோம். அந்தக் கண்ணாடி மேசை அதை ஒரே குளிர்காலத்தில் சொல்லிக் கொடுத்தது.

இனி அந்தத் தாயின் முதல் கேள்விக்கு வருவோம். அங்கே கோயில் இருக்குமா?

1537-இல் சீர்திருத்தச் சபை வந்தபோது நார்வேயில் கத்தோலிக்க வழிபாடு நின்றுபோனது. மூன்று நூற்றாண்டுகளுக்குப் பிறகு 1845-இல் வந்த சட்டம்தான் மற்றச் சபையினருக்கு அங்கே இடம் தந்தது. அதற்குப் பத்தாண்டுகள் கழித்து, 1855-இல், உரோமை ஒரு துணிச்சலான காரியம் செய்தது. வட துருவ மறைப்பணித் தளம் என்று ஒன்றை நிறுவி, ஃபின்மார்க்கின் அல்டா என்ற ஊரை அதன் தலைமையிடமாக்கியது. ஐஸ்லாந்து, கிரீன்லாந்து எல்லாம் அதில் அடங்கும். வரைபடத்தில் பெரிய பரப்பு, ஆனால் மக்கள் மிகக் குறைவு. 1869-இல் அந்தத் தளம் கலைக்கப்பட்டது. ஆனாலும் விதைத்தது வீண் போகவில்லை. ஹாம்மர்ஃபெஸ்டில் ஒரு சிறு பங்கு வேரூன்றியது.

1944-ஆம் ஆண்டு இலையுதிர் காலத்தில் பேரழிவு வந்தது. இரண்டாம் உலகப் போரில் பின்வாங்கிய ஜெர்மன் படை, எதிரிக்கு ஒன்றும் கிடைக்கக் கூடாது என்று ஃபின்மார்க் முழுவதையும் கொளுத்தியது. ஏறக்குறைய 50,000 மக்கள் வீட்டைவிட்டுத் தெற்கே விரட்டப்பட்டார்கள். ஆயிரக்கணக்கானோர் போக மறுத்து, குளிர்காலத்தில் குகைகளிலும் மண் குடிசைகளிலும் ஒளிந்து கிடந்தார்கள். ஹாம்மர்ஃபெஸ்டில் கல்லறைச் சிற்றாலயம் ஒன்றுதான் எரியாமல் மிஞ்சியது. கத்தோலிக்க ஆலயமும் சாம்பலானது.

பிறகு நடந்ததைக் கேளுங்கள். 1950-களில் அங்கே புனித மிக்கேல் ஆலயத்தை மீண்டும் எழுப்பக் கை கொடுத்தவர்கள் ஜெர்மன் நாட்டு இளைஞர்கள். தங்கள் தகப்பன்மார் எரித்த ஊருக்கு, பிள்ளைகள் கல் சுமக்க வந்தார்கள். உலகின் வட கோடியில் உள்ள கத்தோலிக்க ஆலயங்களில் ஒன்றாகிய அது, மன்னிப்பின் அடையாளமாக இன்றும் நிற்கிறது.

நாற்பது ஆண்டுகள் கழித்து யாழ்ப்பாணத்து இளைஞன் ஒருவன் வந்து இறங்கியபோது, அந்த ஊரில் வயதானவர்கள் எல்லாருமே ஒரு காலத்தில் அகதிகள். வீடு எரிவதைப் பார்த்தவர்கள். அந்த நினைவு எல்லாருடைய மனத்தையும் இளக்கியது என்று நான் சொல்லமாட்டேன். வந்தவர்களை ஏற்றவர்கள் எங்கும் உண்டு, ஒதுக்கியவர்களும் எங்கும் உண்டு. ஆனால் நாமும் ஒரு நாள் துரத்தப்பட்டவர்கள் என்ற நினைவு, கதவைத் திறக்க ஒரு காரணம். லேவியர் நூல் 19-ஆம் அதிகாரத்தில் ஆண்டவர் இசுரயேலருக்கு நினைவூட்டுவது இதைத்தான். எகிப்தில் நீங்களே அந்நியராக இருந்தவர்கள், ஆகவே உங்கள் நடுவில் தங்கும் அந்நியரை உங்களில் ஒருவராக நடத்துங்கள் என்கிறார்.

ஃபின்மார்க்குக்குப் போன தமிழர்களில் இந்துக்களே அதிகம். கத்தோலிக்கர் சிறு பகுதியினர்தான். ஆனால் வட நார்வேயின் பங்குகளில் மக்கள் மிகக் குறைவு என்பதால், வந்து சேர்ந்த தமிழ்க் குடும்பங்கள் அந்தச் சபைக்குப் பெரிய பலம் ஆனார்கள். அங்கே பணியாற்றிய குருக்களில் பலர் திருக்குடும்ப மறைபரப்பாளர் சபையினர். எகிப்துக்குத் தப்பியோடிய சூசை, மரியா, குழந்தை இயேசுவின் பெயரைத் தாங்கிய சபை அது. நெடுந்தொலைவு பனியில் வண்டி ஓட்டி, சிறு சிறு குழுக்களுக்குத் திருப்பலி நிறைவேற்றுவது அவர்கள் பணி. அந்தக் குழுக்களில் தமிழரும் இருந்தார்கள், வியட்நாமியரும் இருந்தார்கள், போலந்து நாட்டினரும் இருந்தார்கள்.

பின்னாளில் நார்வேத் தமிழ்க் கத்தோலிக்கர்கள் ஓஸ்லோவுக்குத் தெற்கே மரியாஹோல்ம் என்ற இடத்தில் கூடி மடு மாதாவுக்கு விழா எடுக்கத் தொடங்கினார்கள். மன்னார்க் காட்டில் உள்ள மடுத் திருத்தலத்தை நீங்கள் அறிவீர்கள். 2008 ஏப்ரலில் போர் நெருங்கியபோது, மடு மாதாவின் திருச்சுரூபத்தையே குருக்கள் தூக்கிக்கொண்டு தேவன்பிட்டிக்குப் போக வேண்டியிருந்தது. மக்களோடு தாயும் அகதியானாள். அவள் பெயரில் பனி நாட்டில் நம் மக்கள் கூடுகிறார்கள் என்றால், அதன் பொருள் அவர்களுக்கு நன்றாகத் தெரியும்.

அந்தச் சிற்றூர்களில் அவர்கள் நிலைத்துவிட்டார்களா? சிலர் நிலைத்தார்கள். பலர் நிலைக்கவில்லை. 1990 வாக்கில் கடலில் மீன் வளம் குறைந்து, பிடிக்கும் அளவுக்கு அரசு கடுமையான வரம்பு வைத்தது. தொழிற்சாலைகள் தள்ளாடின. அதோடு பிள்ளைகள் வளர்ந்தார்கள். தமிழ் வகுப்பு வேண்டும், மேற்படிப்பு வேண்டும், சொந்தக்காரர் பக்கத்தில் வேண்டும் என்று குடும்பம் குடும்பமாக ஓஸ்லோவுக்கு நகர்ந்தார்கள். இன்று நார்வேயில் தமிழர்கள் பத்தாயிரத்துக்கும் மேல். பெரும்பாலோர் ஓஸ்லோவிலும் அதைச் சுற்றியும் வாழ்கிறார்கள். ஃபின்மார்க்கின் அந்த மேசைகளுக்கு முன்னால் பிறகு வேறு நாட்டினர் நின்றார்கள்.

அந்தத் தலைமுறையின் ஒரு மகளைப் பற்றி மட்டும் சொல்கிறேன். கம்ஷாஜினி குணரத்தினம் 1988-இல் யாழ்ப்பாணத்தில் பிறந்தவர். மூன்று வயதில் நார்வே போனார். அவர் குடும்பம் முதலில் வாழ்ந்தது ஹாம்மர்ஃபெஸ்டில். 2011 சூலை 22 அன்று ஊட்டோயா தீவில் இளைஞர் முகாம் ஒன்றில், குடிபெயர்ந்தோரை வெறுத்த ஒருவன் 69 பேரைக் கொன்றான். அந்த முகாமில் கம்ஷாஜினியும் இருந்தார். குளிர்ந்த ஏரியில் குதித்து நீந்தித் தப்பினார். 2015-இல் ஓஸ்லோ நகரின் துணை மேயரானார். 2021-இல் நார்வே நாடாளுமன்றத்துக்குத் தேர்வு பெற்றார். அகதியாகப் போன குழந்தை அந்த நாட்டுக்கே சட்டம் இயற்றும் இடத்தில் அமர்ந்தது. ஒரு நாடு கதவைத் திறந்தால் கிடைப்பது என்ன என்பதற்கு இது சாட்சி. வெறுப்பு எந்த நாட்டிலும் முளைக்கும் என்பதற்கும் இதுவே சாட்சி.

அன்பார்ந்தவர்களே, இவ்வளவு தூரம் உங்களை அழைத்துப் போனது வெளிநாட்டுக் கதை சொல்வதற்காக மட்டும் அல்ல. இப்போது நம் ஊருக்குத் திரும்புவோம்.

நம் மணப்பாறைக்குக் கடல் கிடையாது. மீன்கூட ஐஸ் பெட்டியில்தான் வருகிறது. மாட்டுச் சந்தையும் முறுக்கும் நம் அடையாளம். ஆனால் காலம் மாறிவிட்டது. மொண்டிப்பட்டியில் காகித அட்டை ஆலை வந்தது, சிப்காட் வந்தது. அவற்றோடு கட்டட வேலைக்கும் ஆலை வேலைக்கும் வட மாநிலத் தொழிலாளர்கள் வந்தார்கள். உணவகங்களில் இலை எடுப்பவர்களும் அவர்கள்தான். அவர்களுக்கு நம் வெயிலே புதுசு, நம் மொழி புதுசு, நம் சாம்பார் புதுசு.

இதைச் சொல்ல எனக்கு வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் சொல்கிறேன். சென்ற ஆண்டு ஞாயிறு திருப்பலியில் ஓர் இளைஞர் கடைசி வரிசையில், தூணுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். வாராவாரம் வருவார். நற்கருணை வாங்குவார். முடிந்ததும் போய்விடுவார். நான் பார்த்தேன். வேலைக்கு வந்த பையன் போலிருக்கிறது என்று நினைத்ததோடு சரி. மூன்று மாதம் அவர் பெயரை நான் கேட்கவில்லை. ஒரு நாள் கோவில்பிள்ளைதான் என்னிடம் வந்து, "ஃபாதர், அந்தத் தம்பி பாவசங்கீர்த்தனம் கேட்குது. ஆனா தமிழ் தெரியாதாம்" என்றார்.

அப்போதுதான் பேசினோம். எனக்குத் தெரிந்த அரைகுறை இந்தியில் பேசினேன். ஜார்க்கண்ட் மாநிலம் கும்லா மாவட்டம் அவர் ஊர். 1885-இல் பெல்ஜியம் நாட்டு இயேசு சபைக் குரு கான்ஸ்டன்ட் லீவன்ஸ் அந்தப் பகுதிக்கு வந்து, நிலம் பறிபோன பழங்குடி மக்களுக்காக நீதிமன்றப் படி ஏறினார். அப்படி வளர்ந்த திருச்சபையின் பிள்ளை இவர். அவர் பாட்டனும் பூட்டனும் கத்தோலிக்கர்கள். என் ஆலயத்தில் மூன்று மாதம் அந்நியராக நின்றார். காரணம் மொழி என்று நான் சமாதானம் சொல்லிக்கொள்ளலாம். ஆனால் ஒருவரின் பெயரைக் கேட்க எத்தனை இந்தி வேண்டும்?

நம் மண்ணே வந்தவர்களால் பயன் பெற்றது. பக்கத்தில் ஆவூர் பெரியநாயகி மாதா ஆலயத்தைப் பாருங்கள். பதினேழாம் நூற்றாண்டின் இறுதியில் பிரெஞ்சு நாட்டுக் குரு புஷே இந்த வறண்ட பூமிக்கு வந்து அங்கே பணியைத் தொடங்கினார். நம் வெயிலில் வாழ்ந்து, நம் மொழியைக் கற்றார். அப்படிப்பட்டவர்களுக்கு நம் முன்னோர் கஞ்சி கொடுத்தார்கள், திண்ணை கொடுத்தார்கள். அதனால்தான் நீங்களும் நானும் இன்று ஞாயிறு மணி கேட்டு எழுகிறோம்.

மத்தேயு நற்செய்தி 25-ஆம் அதிகாரத்தில் தீர்ப்பு நாளைப் பற்றி ஆண்டவர் சொல்வதை எண்ணிப் பாருங்கள். அந்நியனாக வந்த தம்மை ஏற்றுக்கொண்டோமா என்பது அங்கே ஒரு கேள்வி. அந்தக் கேள்விக்கு நாம் பதில் சொல்லும் இடம் நம் ஆலயத்தின் கடைசி வரிசைதான்.

ஆகவே நம் பங்குக்கு மூன்று வேண்டுகோள். ஒவ்வொரு அன்பியமும் தன் பகுதியில் தங்கியிருக்கும் வெளி மாநிலத் தொழிலாளர்கள் யார், அவர்களில் நோயாளி உண்டா என்று விசாரித்து எனக்குச் சொல்லட்டும். அவர்கள் எந்தச் சமயத்தவராக இருந்தாலும் சரி. மாதத்தில் ஒரு ஞாயிறு மன்றாட்டில் ஒன்றை இந்தியில் சொல்வோம். அதைச் சொல்ல அந்தக் கும்லா தம்பி ஒப்புக்கொண்டிருக்கிறார். கிறிஸ்து பிறப்பு நாளில் ஊருக்குப் போக முடியாமல் அறையில் இருப்பவர்களை, வீட்டுக்கு ஒருவராகச் சாப்பாட்டுக்கு அழைப்போம்.

அந்தத் தாய் சென்ற வாரம் மீண்டும் வந்தார். மகளுக்கு விசா வந்துவிட்டது. இந்த முறை எனக்குப் பதில் இருந்தது. "கோயில் இருக்கும் அம்மா. சோறும் கிடைக்கும். நம்ம ஆளுங்க அதைவிடக் குளிரான ஊர்லயே வாழ்ந்து காட்டியிருக்காங்க. ஆனா அந்தக் கோயில்ல யாராவது ஒருத்தர் அவகிட்ட வந்து 'உன் பேர் என்ன?'னு கேட்கணும். அதுக்காக நீங்களும் நானும் வேண்டிக்குவோம்" என்றேன்.

அவர் சிறிது நேரம் பேசாமல் இருந்தார். பிறகு கேட்டார்: "சாமி, அந்த வடக்கத்திப் பையன் கிறிஸ்மஸ்க்கு எங்க சாப்பிடுவான்? எங்க வீட்டுக்கு அனுப்புறீங்களா? மக இல்லாத வீடு, எனக்கும் ஆறுதலா இருக்கும்."

எகிப்துக்குத் தப்பிச் சென்ற திருக்குடும்பம், வீட்டைவிட்டுப் போயிருக்கும் நம் பிள்ளைகள் எல்லாரையும் காப்பதாக. நம்மிடம் வந்திருப்பவர்களைக் காக்கும் பொறுப்பை நம் கையில் தருவதாக. தந்தை, மகன், தூய ஆவியாரின் ஆசி உங்கள் அனைவர் மேலும் இறங்கித் தங்குவதாக. ஆமென்.